தோழிக்கு எழுத எது நல்லது: வாட்ஸ்அப்பா, இன்லேண்டா, கவரா?

போன வருடம் ஆனி மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு செய்தி சொன்னார். போடிநாயக்கனூரில் இருக்கும் என் தோழி தன் தையல் கடையை மூடிவிட்டாளாம். மூடி நான்கு மாதம் ஆகிவிட்டதாம். எனக்கு அடுத்த வாய் இறங்கவில்லை.

அந்த நான்கு மாதத்தில் நானும் அவளும் தொடர்பில்லாமல் இருந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. காலையில் அவள் ஒரு தாமரைப் படம் அனுப்புவாள். நான் ஒரு கும்பிடு போடுவேன். பண்டிகை வந்தால் விளக்குப் படம், பிறந்தநாள் வந்தால் கேக் படம். மதுரையில் ஒரே ஹாஸ்டல் அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள் நாங்கள். கடை திறந்த அன்று முதல் ரவிக்கைக்கு அளவு கொடுத்தது நான்தான். அந்தக் கடை இல்லாமல் போனது தெரியாமல் நான்கு மாதம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். “ஏன்டி எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: “எப்படிடி சொல்றது? நீ பூ அனுப்புற, நானும் பூ அனுப்புறேன். அதுக்கு நடுவுல கடைய மூடிட்டேன்னு எங்க போடுறது?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கே போடுவது? நாங்கள் இருவரும் அன்றே ஒரு முடிவுக்கு வந்தோம். இந்தப் பூப்படங்களை நிறுத்திவிட்டு, உண்மையாகவே விஷயம் சொல்லிக்கொள்ள எந்த வழி சரிப்படும் என்று ஒவ்வொன்றாகச் செய்துபார்ப்பது. ஒரு வருடம் பார்த்துவிட்டோம். இதே நிலையில் இருக்கிற நண்பர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகத்தை வைத்துப் பார்த்தால் கடிதத்துக்கு இடமே இல்லை. ஒப்பிடுவதே வீண். எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, சொல்லக் கஷ்டமான விஷயத்தை இந்த வழியில் சொல்ல முடிகிறதா. இன்னொன்று, இதை நான் தொடர்ந்து செய்வேனா. முதலாவது மட்டும் போதும் என்றால் பத்துப் பக்கக் கடிதம்தான் சிறந்தது. ஆனால் பத்துப் பக்கம் எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே எழுதாமல் விட்ட கடிதங்கள் என் கணக்கில் நிறைய இருக்கின்றன.

கையில் இருக்கிற போன்

முதலில் வாட்ஸ்அப்பையே ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்த்தோம். படம் கிடையாது, எழுத்து மட்டும். இரண்டு வாரம் நன்றாகவே போனது. பிறகு நடந்தது இதுதான்: அவள் ஒரு நாள் இரவு கடையை மூடியதைப் பற்றி நாலு வரி எழுதினாள். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன். பார்த்துவிட்டேன். பார்த்தது அவளுக்கும் தெரிந்துவிட்டது, இரண்டு நீலக் கோடு காட்டிக்கொடுத்துவிட்டது. உடனே பதில் போடாவிட்டால் தப்பாக நினைப்பாளே என்று “கவலைப்படாதே, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று அடித்துவிட்டேன். அவள் “சரி” என்றாள். அந்த ‘சரி’யோடு பேச்சு முடிந்துவிட்டது. யோசித்திருந்தால் அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன். 22 வருடம் நடத்திய கடையை மூடியவளிடம் எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவசரத்தில் கை அதைத்தான் அடித்தது.

அந்த நீலக் கோடு 2014-இல் வந்தது. அதற்கு முன்பும் மக்கள் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் படித்துவிட்டாய், ஏன் இன்னும் பதில் இல்லை என்கிற கேள்வி அப்போது இவ்வளவு பெரிதாக இல்லை. யோசித்துப் பதில் சொல்ல இடமில்லாத வழியில் யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயத்தை அனுப்பினால் இப்படித்தான் ஆகும். ரயில் எத்தனை மணிக்கு, மாத்திரை பெயர் என்ன, மகளுக்கு ரிசல்ட் வந்துவிட்டதா என்பதற்கெல்லாம் இதைவிட நல்ல வழி கிடையாது. அதற்கு மட்டும் என்று நாங்கள் ஒதுக்கிவிட்டோம்.

வாய்ஸ் மெசேஜ் இதைவிட நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். அவள் குரலோடு சேர்ந்து பின்னால் மழைச் சத்தம் கேட்கும், யாரோ மிளகாய் வற்றலுக்கு விலை பேசுவது கேட்கும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கும், விரல் நடுங்குகிறவர்களுக்கும், எழுதிப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் இதுதான் சரியான வழி. அவர்களிடம் போய்க் கடிதம் எழுதுங்கள் என்று சொல்வது அவர்களைத் தள்ளி வைப்பது மாதிரி. எங்களுக்கு வந்த பிரச்சினை வேறு. அவள் பகலில் பேசி அனுப்புவாள். நான் பஸ்ஸில் ஒரு காதில் கேட்பேன். இறங்கி நடக்கும்போது பாதி மறந்திருக்கும். திரும்பக் கேட்க வேண்டும் என்றால் ஏழு நிமிஷத்தையும் திரும்பக் கேட்க வேண்டும். அவள் சொன்ன அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்க முடியவில்லை.

போனில் பேசுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேசுகிறோம், அதை விடப்போவதும் இல்லை. ஆனால் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறாள், பக்கத்தில் மாமியார் இருப்பார், மகன் இருப்பான். என் பக்கமும் அப்படித்தான். இரண்டு கூடங்களுக்கு நடுவில் சொல்லக்கூடியதை மட்டுமே நாங்கள் போனில் சொல்லிக்கொள்கிறோம்.

மின்னஞ்சலை நான் சிபாரிசு செய்தேன், அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஒரே ஒரு மடல் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு அது வங்கிக் கணக்கு விவரம் வரும் இடம். அங்கே போய்த் தோழியின் கடிதத்தைத் தேட அவளுக்கு மனம் வரவில்லை. வேகமாகத் தட்டச்சு செய்கிற, வெளிநாட்டில் நண்பர் இருக்கிற ஒருவருக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். நீளமாக எழுதலாம், நீலக் கோடு இல்லை, தேடினால் கிடைக்கும். எங்களுக்கு ஒத்துவரவில்லை.

கையால் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வழியும் ஒன்று உண்டு. டொராண்டோவிலோ மெல்போர்னிலோ நண்பர் இருந்தால் இதை யோசித்துப் பாருங்கள். கையெழுத்து போய்ச் சேரும், தாமதம் இருக்காது. ஆனால் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும். அதற்குள் மேலே வேறு ஏதாவது வந்து விழும்.

போன் வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறையும் என் அனுபவத்தில் உண்டு. 2019-இல் என் பழைய போன் தண்ணீரில் விழுந்து போனது. சேமித்து வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஐந்து வருடப் பேச்சு போய்விட்டது. அதே சமயம், 1999-இல் ஹாஸ்டலைக் காலி செய்த பிறகு அவள் எழுதிய இன்லேண்டுகள் (மடித்து ஒட்டி அனுப்புகிற தபால் தாள்கள்) பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அப்படியே இருக்கின்றன. இரண்டு வீடு மாறியும் இருக்கின்றன. நீல நிறம் வெளுத்திருக்கிறது, எழுத்து வெளுக்கவில்லை.

கார்டு

சரி, தபால் பக்கம் வருகிறேன். இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலையில் கால் அணாவுக்கு வந்தது. இன்றைக்கு 50 காசு. தந்தியே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது, கார்டு இன்னும் இருக்கிறது. நம் ஊர்களில் முன்பெல்லாம் கார்டு என்றால் நறுக்கென்று செய்தி சொல்வதற்கு: வந்து சேர்ந்தோம், பணம் கிடைத்தது, பெரியவர் தவறிவிட்டார். துக்கச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். மற்றவை எல்லாம் கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கும்.

தோழிக்கு எழுத கார்டு போதுமா என்றால், தனியாகப் போதாது. தபால்காரர் முதல் வாசலில் வாங்கி வைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மனதில் இருப்பதை அதில் எழுத முடியாது. ஆனால் ஒரு உபயோகத்தை நாங்கள் கண்டுபிடித்தோம். கடிதம் கிடைத்த அன்றே “வந்தது. இரண்டு முறை படித்தேன். பதில் அடுத்த வாரம்” என்று ஒரு கார்டு போட்டுவிடுவது. எழுதியவளுக்கு அது எவ்வளவு நிம்மதி என்பது அதை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கார்டு வந்துவிட்டால், பதிலுக்கு ஒரு வாரம் என்ன, ஒரு மாதம் ஆனாலும் பொறுத்திருக்கலாம்.

இன்லேண்டு

எங்கள் முடிவு கடைசியில் இதில்தான் வந்து நின்றது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்நாட்டு அஞ்சல் தாள் 1950-இல் அறிமுகமானது. விலை 2 ரூபாய் 50 காசு. மாதம் இரண்டு எழுதினால் வருடத்துக்கு 60 ரூபாய். ஸ்டாம்ப் தனியாக ஒட்ட வேண்டாம், கவர் வேண்டாம், தாள் வேண்டாம். மடித்து ஓரத்தை ஒட்டினால் முடிந்தது. உள்பக்கம் முழுவதும் எழுதலாம், வெளியே ஒரு மடிப்பும் கிடைக்கும். என் கையெழுத்தில் முந்நூறு சொல் வரும். கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக எழுதி, தாளைச் சுற்றிச் சுற்றிப் படிக்க வைத்தால் இன்னும் முப்பது.

இந்த முந்நூறு சொல்தான் இதன் பெரிய பலம் என்பது என் கருத்து. வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முழு மனதோடு எழுத ஒரு முழு நாள் கிடைக்கட்டும் என்று தள்ளிப்போடுவோம், அந்த நாள் வராது. இன்லேண்டுக்கு முக்கால் மணி நேரம் போதும். இரவு பாத்திரம் கழுவி வைத்த பிறகு உட்கார்ந்தால் படுக்கப் போவதற்குள் ஒட்டிவிடலாம். நான் தொடர்ந்து செய்வேனா என்ற இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் தந்த வழி வேறு எதுவும் இல்லை. இந்த ஒரு வருடத்தில் நான் 21 எழுதியிருக்கிறேன், அவள் 19.

இடம் இவ்வளவுதான் என்று தெரிந்தால், எதை எழுதுவது என்று எழுதும் முன்பே யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். நான் பஸ்ஸில் போகும்போது யோசிப்பேன், காய் நறுக்கும்போது யோசிப்பேன். இந்த வாரம் அவளிடம் சொல்ல வேண்டியது என்ன? பல விஷயம் தேறாது. ஒன்று தேறும். அந்த ஒன்றை முழுதாக எழுதிவிடுவேன். உண்மையைச் சொன்னால், அவளோடு நான் இருப்பது எழுதுகிற அந்த முக்கால் மணி நேரம் மட்டும் இல்லை. அந்த வாரம் முழுவதுமே அவள் என் கூட இருக்கிறாள்.

அப்புறம் அடித்தல் திருத்தல். போனில் அடித்து அழித்துவிட்டால் தடயமே இருக்காது. பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது, கோடு போடத்தான் முடியும். புரட்டாசியில் வந்த அவளுடைய ஐந்தாவது கடிதத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: “மகன் சரியாகப் பேசுவதில்லை” என்று எழுதி, அதன் மேல் இரண்டு கோடு போட்டு, “மகனுக்கு வேலை அதிகம்” என்று மாற்றியிருந்தாள். கோட்டுக்குக் கீழே இருந்தது தெளிவாகத் தெரிந்தது. அவளுக்கும் அது தெரியும் என்று நான் நினைக்கிறேன். வேண்டாம் என்றிருந்தால் வேறு இன்லேண்டு எடுத்து எழுதியிருக்கலாம், 2 ரூபாய் 50 காசுதானே.

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். கோடு போட்டதைப் படித்துவிட்டேன் என்று சொல்லலாமா? சொல்லாமல் விட்டால், கண்டுகொள்ளவில்லை என்று நினைப்பாளா? கடைசியில் அதைத் தொடாமல், என் மகள் வெளியூரில் வேலைக்குப் போன முதல் வருடம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்த மூன்று மாதத்தைப் பற்றி எழுதினேன். யாரிடமும் சொல்லாத விஷயம் அது. இரண்டு கடிதம் கழித்து, கோடு எதுவும் போடாமல், மகனுக்கும் அவளுக்கும் என்ன நடந்தது என்று முழுவதும் எழுதினாள். கடையை மூடியதற்கும் அதுதான் காரணம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் நான் ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று அடித்துப் பேச்சை முடித்தது இதே விஷயத்தைத்தான். இந்த முறை யோசிக்க இரண்டு நாள் கிடைத்தது. அந்த இரண்டு நாளை அவளும் குறையாக நினைக்கவில்லை. தபால் வர நாலு நாள் ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

இன்லேண்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எதையும் வைக்கக் கூடாது, ஒரு போட்டோகூட. ஒட்டிய ஓரத்தைக் கிழிக்கும்போது இரண்டு வரி கிழிந்து போகும். அதனால் விளிம்பில் ஒரு விரல் அகலம் விட்டு எழுத வேண்டும். மை பேனாவும் ஜெல் பேனாவும் வேண்டாம், மழையில் நனைந்தால் கரைந்துவிடும். சாதாரண பால்பாயின்ட் பேனா போதும். சாதாரணத் தபால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வழி கிடையாது. நான் ஒரு முறை பின்கோடில் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். 19 நாள் கழித்துத்தான் அது போய்ச் சேர்ந்தது. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த ஆறு இலக்க முறை அது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த பகுதி, முதல் மூன்றும் சேர்ந்தால் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று தெரியும், கடைசி மூன்றுதான் தபால் நிலையம். நான் தப்பாக எழுதியது மூன்றாவது எண்ணை. 625-ல் தொடங்கி மதுரை வழியாகப் போக வேண்டிய கடிதம் வேறு ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அந்த 19 நாளும் அவள் எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் தேதியோடு ஒரு எண் போடுகிறோம். ஏழுக்குப் பிறகு ஒன்பது வந்தால், எட்டு வழியில் இருக்கிறது என்று புரிந்துவிடும்.

கவர்

பெரிய விஷயங்களுக்குக் கவர் வேண்டும், இதில் சந்தேகமே இல்லை. நாங்கள் வருடத்துக்கு மூன்று நாலு தடவை கவரில் எழுதுகிறோம். மகன் விஷயத்தை அவள் எழுதியது கவரில்தான், நான்கு தாள். இன்லேண்டில் அதை எழுதியிருந்தால் அரைகுறையாக நின்றிருக்கும்.

20 கிராம் வரை 5 ரூபாய். நாம் வழக்கமாக வாங்குகிற 75 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 4.7 கிராம். மூன்று தாளும் ஒரு சின்னக் கவரும் 20 கிராமுக்குள் அடங்கும். நாலாவது தாள் வைத்தால் தாண்டிவிடும், அடுத்த 20 கிராமுக்கு இன்னொரு 5 ரூபாய். ஸ்டாம்ப் குறைவாக இருந்தால், குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் கேட்பது தபால் வழக்கம். தோழிக்கு மனதைத் திறந்து எழுதிவிட்டு, அவளை வாசலில் சில்லறை தேட வைக்க வேண்டாம். எடை போட்டுவிடுங்கள்.

திரும்பக் கிடைக்காத எதையாவது உள்ளே வைத்தால் மட்டும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் இப்போது அது ஒன்றுதான் வழி. சாதாரணக் கடிதத்தை அதில் அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கச் சொன்னால் வீட்டில் எல்லோரும் என்னமோ ஏதோ என்று வந்து நிற்பார்கள்.

யாரிடம் எது இருக்கும்

ஒப்பிடும்போது நான் முதலில் யோசிக்காத ஒரு வித்தியாசம் நடுவில் பிடிபட்டது. வாட்ஸ்அப்பில் இரண்டு பேர் பேச்சும் இரண்டு பேரிடமும் இருக்கும். கடிதத்தில் அப்படி இல்லை. நான் எழுதியது எல்லாம் போடிநாயக்கனூரில் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவள் எழுதியது மட்டும். போன கடிதத்தில் அவளிடம் என்ன கேட்டேன் என்பதே சில சமயம் எனக்கு மறந்துபோகும். அதனால் இன்லேண்டை ஒட்டும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். “உன்னோடது எங்கிட்ட இருக்கு, என்னோடது உங்கிட்ட இருக்கு. இருக்கட்டும்” என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்கிற ஒரே ஊரில் பிறந்த இரண்டு எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இருவரும் இளவயதுத் தோழர்கள், இருவருக்கும் இலக்கியத்திலும் இசையிலும் பித்து. ஒருவர் சென்னைக்கும் மலாயாவுக்கும் வேலைக்குப் போனார், இன்னொருவர் ஊரில் இருந்து விவசாயம் பார்த்தார். அழகிரிசாமி 1970-இல், ஐம்பதைத் தொடும் முன்பே இறந்துவிட்டார். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு புத்தகமாக வந்தன. இன்றைக்கு நாம் அவற்றைப் படிக்க முடிகிறது என்றால், கிராமத்து வீடொன்றில் ஒரு நண்பர் அவற்றைப் போட்டு வைத்திருந்ததால்தான். குற்றாலத்தில் இருந்த தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யும் அப்படித்தான், நண்பர்களுக்குக் கம்பனையும் சாரலையும் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் கடிதங்களும் வாங்கியவர்கள் வைத்திருந்து வந்தவைதான்.

நானும் அவளும் எழுத்தாளர்கள் கிடையாது, எங்கள் கடிதங்களை யாரும் அச்சிடப்போவதில்லை. ஆனால் வாங்கியவர் வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கை எங்களுக்கும் அதேதான்.

இன்றைக்குத் தொடங்க நினைத்தால்

நண்பருக்குக் கண் தெளிவாகத் தெரிந்து, விலாசத்துக்குத் தபால் ஒழுங்காகப் போய்ச் சேருகிறது என்றால், இன்லேண்டில் தொடங்குங்கள். ஒரே தடவையில் இருபது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாவது உடனே எழுதப்படும். அடிக்கடி வீடு மாறுகிறவருக்கும், ஹாஸ்டலில் பொதுப் பெட்டியில் தபால் போடுகிற இடத்தில் இருப்பவருக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்குக் கையால் எழுதிப் படமாக அனுப்புவதுதான் அடுத்த நல்ல வழி. வயதானவர்களுக்கு எழுதும்போது பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, கவரில் எழுதுங்கள்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவதில் கூச்சம் வேண்டாம். அந்த வரி ஒரு வாசற்படி, அதில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அப்புறம் நண்பரின் கடைசிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை, தன் கதையை மட்டும் எழுதி முடித்துவிடுகிறார்கள். பிறகு உங்கள் வாரத்திலிருந்து ஒரே ஒரு சம்பவம், இடம் பொருள் ஏவலோடு. கடைசியில் ஒரு கேள்வி. ‘வேறு விசேஷம் என்ன’ என்பது கேள்வி ஆகாது. “கடை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? அந்த வழியாகப் போகும்போது பார்ப்பாயா, பார்க்காமல் போவாயா?” என்று நான் கேட்டேன். அதற்கு அவள் எழுதிய பதில் ஒரு இன்லேண்டு முழுவதும் நிறைந்திருந்தது.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு இது. மாதம் இரண்டு இன்லேண்டு, கிடைத்ததும் ஒரு கார்டு, ஞாயிறு சாயங்காலம் போன், அவசரம் என்றால் வாட்ஸ்அப், கனமான விஷயம் என்றால் கவர். காலைத் தாமரை நின்றுவிட்டது.

தை மாதம் முதல் அவள் வீட்டுத் திண்ணையிலேயே ஆறு பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் வந்த கடிதத்தில், அந்தப் பெண்களுக்குக் காஜா (பட்டன் துளை) எடுத்துப் பழக, கெட்டியான பருத்தித் துணியில் பிட்டு இருந்தால் அனுப்பு என்று கேட்டிருந்தாள். இன்லேண்டில் வைக்க முடியாது. பழைய தலையணை உறை ஒன்றிலிருந்து உள்ளங்கை அளவில் சில துண்டுகள் வெட்டி, ஒரு தாளில் எழுதிய கடிதத்தோடு கவருக்குள் வைத்தேன். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் 23 கிராம். 5 ரூபாய் ஸ்டாம்ப் இரண்டு ஒட்டி, பின்கோடை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, காலையில் முதல் எடுப்புக்கு முன்பே பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.